'இல்லை' என்று எழுதிய லேபிள்: ஒரு தலைமுடி ஜெல்லின் கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் தயாரிப்பாளர் ஒரே ஆள் அல்ல. வீட்டிலோ சின்ன அறையிலோ தலைமுடிப் பொருட்கள் செய்து விற்பவர்களுக்கு ஃபார்முலா, லேபிள் விஷயங்களில் உதவும்போது திரும்பத் திரும்பப் பார்த்ததை ஒருவருடைய கதையாகச் சேர்த்து எழுதுகிறேன். வெளிப்படைத்தன்மையைப் பற்றி எழுதிக்கொண்டு இதை மறைத்தால் நன்றாக இருக்காது.

அவர் விற்றது மூன்று பொருட்கள். மூலிகைகளை ஊறவைத்துக் காய்ச்சிய எண்ணெய் ஒன்று, தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் பொடி ஒன்று. மூன்றாவது, குளித்த பிறகு முடியில் தடவி அலசாமல் விட்டுவிடும் கற்றாழை, ஆளிவிதை ஜெல். எண்ணெயும் பொடியும் சில வருடங்களாக ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அந்த நம்பிக்கையில்தான் ஜெல்லை ஆரம்பித்தார். மூன்றுக்கும் ஒரே மாதிரி லேபிள் (பிரிசர்வேட்டிவ் என்றால் பொருள் கெடாமல் காக்கச் சேர்ப்பது): '100% இயற்கை. கெமிக்கல் இல்லை. பிரிசர்வேட்டிவ் இல்லை.'

முதல் புகார் ஒரு போட்டோவாக வந்தது. பாட்டிலுக்குள் பம்ப் குழாயை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. 'சிஸ்டர், இது என்ன?' என்று ஒரே வரி. இவர் உடனே பதில் போட்டார்: 'அது கற்றாழை நார்தான். இயற்கையான பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும்.'

இந்தப் பதிலை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். ஆனால் பாட்டிலைத் திருப்பி வாங்கிப் பார்க்கவில்லை, கையிருப்பில் இருந்த பாட்டில்களையும் திறந்து பார்க்கவில்லை. அடுத்த சில நாட்களில் இன்னொருவர் ஜெல்லில் புளிப்பு வாடை வருகிறது என்றார். மூன்றாமவர் உச்சந்தலை அரிக்கிறது என்று இவருடைய சமூக ஊடகப் பக்கத்திலேயே கருத்து எழுதினார். அதை இவர் நீக்கினார். நீக்கியதைப் பார்த்த முதல் வாடிக்கையாளர் தன் போட்டோவைப் பொதுவில் போட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது.

"அக்கா, நான் ஒரு கெமிக்கல்கூடப் போடலை. அப்புறம் எப்படி இப்படி ஆகும்?"

போடாததால்தான் ஆனது என்று சொல்ல வேண்டியிருந்தது.

தண்ணீர் வந்தால் எல்லாம் மாறும்

எண்ணெயிலும் காய்ந்த பொடியிலும் நுண்ணுயிர்கள் வளரத் தேவையான ஈரம் கிடையாது. எண்ணெய் நாளானால் காற்று பட்டுக் காறல் வாடை அடிக்கும், பொடி மணம் போய்விடும். ஈரக்கை படாதவரை பூஞ்சை பிடிக்காது. ஜெல் அப்படியல்ல. ஆளிவிதையை வேகவைத்து வடித்த கொழகொழப்பு, கற்றாழைச் சாறு என்று பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் பந்தி விரித்த மாதிரி இருக்கிறது அது. அதற்குள் ஒரு பம்பை விட்டு ஈரம் நிறைந்த குளியலறையில் வைக்கச் சொல்கிறோம்.

அவர் ஜெல்லில் வைட்டமின் ஈ சேர்த்திருந்தார். 'அது கெடாமல் பார்த்துக்கொள்ளும்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிறு தயாரிப்பாளர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் குழப்பம் இதுதான். வைட்டமின் ஈ எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது ஒன்றும் செய்யாது. எண்ணெயில் அதற்கு வேலை உண்டு, தண்ணீர் நிறைந்த ஜெல்லைக் காப்பது அதன் வேலையே இல்லை.

இன்னொன்றும் சேர்த்திருந்தார்: கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் போன்ற ஒரு பழம்) விதைச் சாறு. 'இயற்கையாகவே கிருமியைத் தடுக்கும்' என்று அதை விற்ற சப்ளையர் சொன்னதை நம்பி ஒவ்வொரு பேட்சிலும் (ஒரே தடவையில் செய்யும் தொகுதி) சில சொட்டு. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1999-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கடையில் கிடைக்கும் 6 கிரேப்ஃப்ரூட் விதைச் சாறுகளைச் சோதித்தார்கள். 5 சாறுகள் கிருமி வளர்ச்சியை நன்றாகத் தடுத்தன. அந்த ஐந்திலும் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைப் பிரிசர்வேட்டிவ் இருந்தது. மூன்றில் ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினியும், பாரபன் வகைப் பிரிசர்வேட்டிவான மெத்தில் பாரபனும் சேர்ந்தே இருந்தன. ஆறாவதில் எந்தப் பிரிசர்வேட்டிவும் இல்லை. அது கிருமியைத் தடுக்கவும் இல்லை. ஆய்வாளர்கள் தாங்களே பழத்திலிருந்து எடுத்த சாறுகளும் தடுக்கவில்லை.

இப்போது அந்த லேபிளை மறுபடி படித்துப் பாருங்கள். 'பிரிசர்வேட்டிவ் இல்லை.' அவர் வாங்கிய சாறு வேலை செய்யும் வகை என்றால் அந்த வரி பொய். வாடிக்கையாளர் வேண்டாம் என்று ஒதுக்கிய பாரபன்கூட உள்ளே இருக்கலாம். வேலை செய்யாத வகை என்றால் வரி உண்மை, ஜெல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. எப்படிப் பார்த்தாலும் அந்த பாட்டிலை விற்றிருக்கக் கூடாது. ஜெல்லை விற்ற இவருக்கோ தன் கையில் இருப்பது எந்த வகைச் சாறு என்றே தெரியாது.

'இருக்கிறது' என்று எழுத, வாங்கிய பில்லும் எடைபோட்ட நோட்டும் போதும். 'இல்லை' என்று எழுத ஆய்வகம் வேண்டும். சிறு வணிகர்களின் லேபிள்களில் இது தலைகீழாக இருக்கிறது. இருப்பவை பின்பக்கம் பொடி எழுத்தில், அதுவும் அரைகுறையாக. இல்லாதவை முன்பக்கம் பெரிய எழுத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருள் விளம்பரங்களுக்கு 655/2013 என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் எதற்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமோ அழகுப் பொருட்களுக்கு 'இயற்கை' என்ற சொல்லை இன்றுவரை வரையறுக்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

சப்ளையரிடம் கேட்டபோது

அவரைச் சப்ளையருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். இரண்டு கேள்விகள்: இந்தச் சாற்றின் முழுக் கலவை என்ன? இந்த பேட்சின் ஆய்வுச் சான்று தர முடியுமா? இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. 'மேடம், இது சுத்தமான இயற்கைச் சாறு. பல வருடமாக விற்கிறோம். யாரும் குறை சொன்னதில்லை, நம்பி வாங்கலாம்.'

அதை எனக்கு அனுப்பிவிட்டு அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அக்கா, நான் கஸ்டமருக்குச் சொல்ற அதே வார்த்தை" என்றார்.

இப்படி ஏமாற்றுவதாக யாரும் முடிவெடுத்துச் செய்வதில்லை. சப்ளையர் தனக்கு மேலே இருப்பவரை நம்புகிறார், இவர் சப்ளையரை நம்புகிறார், வாடிக்கையாளர் இவரை நம்புகிறார். இத்தனை கை மாறியும் ஒருவரிடமும் காகிதம் கிடையாது. வாடிக்கையாளர் கடைசியில் நிற்பதால் அவர் தலையில் வந்து விடிகிறது. சொல்லப்போனால், பெரிய நிறுவனத்துக்கும் சிறு தயாரிப்பாளருக்கும் இடையில் உள்ள உண்மையான வித்தியாசம் நேர்மையில் இல்லை. பெரியவர்கள் கேட்டால் சப்ளையர் சான்று தருவார், சின்னவர் கேட்டால் தட்டிக்கழிப்பார். அதனால் சின்னவர் சான்று தருபவரிடம் மட்டும்தான் வாங்க வேண்டும். வேறு வழி கிடையாது.

யாரிடம் எந்த பாட்டில்?

விற்பனையை நிறுத்துவதில் அவர் தயங்கவில்லை. அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். கெட்டுப்போன பேட்ச் யார் யாருக்குப் போயிற்று? பாட்டிலில் பேட்ச் எண் இல்லை. தேதி இல்லை. செய்த நாளை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஜெல் வாங்கிய எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை.

"எல்லாருக்குமா? புகார் பண்ணது மூணு பேர்தானே அக்கா?"

புகார் செய்பவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இதற்கு ஒரு பெரிய உதாரணம் பொதுப் பதிவில் இருக்கிறது. ஷாம்புக்குப் பதிலாகத் தேய்க்கும், நுரை வராத, மென்மையான 'கிளென்சிங் கண்டிஷனர்' என்று அமெரிக்காவில் விற்ற வென் என்ற பொருளைப் பற்றி உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. முடி உதிர்வு, அரிப்பு, தடிப்பு என்று அந்த நிர்வாகத்துக்கு நேரடியாக வந்த புகார்கள் 127. அதைத் தயாரித்து விற்ற நிறுவனங்களைச் சோதிக்கப் போனபோது தெரிந்தது, அவர்களிடம் நேராகப் போன புகார்கள் 21,000-க்கும் மேல் என்று. இது சிறு வணிகம் அல்ல, தொலைக்காட்சியில் பெரிய அளவில் விற்ற பொருள். ஆனால் பாடம் சிறியவருக்கும் பொருந்தும்: வெளியே தெரிவதற்கும் தயாரிப்பாளரின் பெட்டியில் கிடப்பதற்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்க முடிகிறது. அங்கே 2022 டிசம்பரில் வந்த புதிய சட்டம் தீவிரமான பக்கவிளைவுப் புகாரை 15 வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. பதிவு செய்வது, உற்பத்தி முறைகள் போன்றவற்றில் சிறு நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்த அந்தச் சட்டம், இந்த ஒன்றில் கொடுக்கவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது.

அறிவிப்பை அவரே எழுதினார். முதல் வரைவு இப்படி இருந்தது: 'அன்பான வாடிக்கையாளர்களே, சில தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் எங்கள் ஜெல் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. உங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி.' இதைப் படிக்கும் ஆளுக்கு, குளியலறையில் இருக்கும் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டும் என்று எப்படித் தெரியும்? நிறுத்திய செய்தி இருந்தது, ஆபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நாலைந்து முறை அடித்துத் திருத்தியபின் போனது இது:

'எங்கள் கற்றாழை ஜெல்லில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. உங்கள் பாட்டில் பார்க்க நன்றாக இருந்தாலும் இனிமேல் பயன்படுத்த வேண்டாம். அதைக் கெடாமல் காக்கத் தேவையானதை நாங்கள் சேர்க்கவில்லை. இது எங்கள் தவறு. முழுப் பணமும் திரும்ப வரும், பாட்டிலை அனுப்ப வேண்டியதில்லை. தலையில் அரிப்போ தடிப்போ இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், எங்களுக்கும் தெரிவியுங்கள். கருத்துப் பகுதியில் நாங்கள் நீக்கியதை மறுபடி எழுதலாம். இனி நீக்க மாட்டோம்.'

கடைசி வரியைப் போட அவருக்கு மனமே வரவில்லை. நான் வற்புறுத்தினேன். பூஞ்சையைவிட அந்த நீக்கம்தான் வாடிக்கையாளர்களை அதிகம் கோபப்படுத்தியிருந்தது. எழுதி முடித்தபோது, மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை நாங்கள் எங்கும் போடவில்லை என்பதைக் கவனித்தேன். அப்படியே விட்டோம். பணம் திரும்பப் போகிறது என்பதே போதும் என்று தோன்றியது. இப்போது யோசித்தால் ஒரு 'மன்னிக்கவும்' சேர்த்திருக்கலாம்.

அரிப்பு வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குக் காரணம் பூஞ்சையா, வாசனை எண்ணெயா, வேறு ஏதாவதா என்று போட்டோவையும் விவரத்தையும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. தோல் மருத்துவர் செய்யும் பேட்ச் டெஸ்ட் வேண்டும், அதாவது சந்தேகப்படும் பொருட்களைத் தோலில் ஒட்டி எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் சோதனை. அந்த டெஸ்டுக்கு பாட்டிலில் என்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியலும் வேண்டும். அவருடைய லேபிளில் 'மூலிகைகள், வாசனை' என்று இரண்டே சொல் இருந்தன. முழுப் பட்டியல் ஏன் அவசியம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நலமாக இருப்பவர் அதைப் படிக்க மாட்டார், அலர்ஜி வந்தவருக்கு அதைத் தவிர வேறு துணையில்லை.

புதிய பாட்டில்

ஃபார்முலாவை மாற்றுவது சுலபமான பகுதி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் என்ற இரண்டு பிரிசர்வேட்டிவ்களைச் சேர்த்தோம். இவை புளிப்புத் தன்மையில்தான் வேலை செய்யும். அதனால் சிட்ரிக் அமிலம் விட்டு, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே கொண்டுவந்தோம். பிஎச் மீட்டர் இல்லாமல் இந்தப் பிரிசர்வேட்டிவைச் சேர்ப்பது, பூட்டு வாங்கிக் கதவில் மாட்டாமல் விடுவது போல. பிறகு சேலஞ்ச் டெஸ்ட். ஐஎஸ்ஓ 11930 என்ற சர்வதேசத் தர முறைப்படி, பொருளுக்குள் வேண்டுமென்றே 5 வகை நுண்ணுயிர்களை விட்டு 28 நாள் வரை அவை குறைகின்றனவா என்று பார்ப்பார்கள். சிறு தயாரிப்பாளருக்கு இது பெரிய செலவு. அவர் எண்ணெயையும் பொடியையும் விட்டுவிட்டு ஜெல்லுக்கு மட்டும் செய்தார். தண்ணீர் இருக்கும் பொருளுக்கு இந்த டெஸ்ட் செய்ய முடியாதென்றால் அந்தப் பொருளையே விற்க வேண்டாம் என்பது என் கருத்து. இதில் நான் கொஞ்சம் கறார்தான்.

லேபிளில்தான் உண்மையான சண்டை. உட்பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக எழுத வேண்டும். 1%-க்குக் கீழே இருப்பவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். பல நாடுகளிலும் இதுதான் விதி. அப்படி எழுதியதும் முதலில் தண்ணீர் வந்தது, அடுத்து ஆளிவிதைச் சாறு. முன்பக்கம் அழகாக வரைந்திருந்த ஏழு மூலிகைகளில் ஐந்து அந்த 1% கோட்டுக்குக் கீழே கிடந்தன.

"படத்தை எடுத்துட்டா பாட்டில் மொட்டையா இருக்குமே அக்கா."

மொட்டையாகத்தான் இருந்தது. கற்றாழையும் ஆளிவிதையும் மட்டும் படத்தில் நின்றன.

அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய 'முன்பு, பின்பு' போட்டோக்கள் நிறைய இருந்தன. எண்ணெய் தேய்த்த சில மாதத்தில் உதிர்வு நின்றது என்று உண்மையான ஆட்கள் அனுப்பிய உண்மையான போட்டோக்கள். இவற்றைப் பற்றிப் பேசியது எங்களுக்குள் நடந்த மிகக் கஷ்டமான பேச்சு, ஏனென்றால் அதில் யாருமே பொய் சொல்லவில்லை. காய்ச்சல், பிரசவம், பெரிய மனக்கஷ்டம் போன்றவை நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர ஆரம்பிக்கும். பெரும்பாலும் அது ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். ஆள் எப்போது எண்ணெய் வாங்குகிறார்? உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது. அப்புறம் உதிர்வு அடங்குகிறது, பெயர் எண்ணெய்க்குப் போகிறது. எண்ணெய் முடியை வழவழப்பாக்கும், சீவும்போது உடைவதைக் குறைக்கும். அது மெய்யான பலன். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், எந்த எண்ணெய் தேய்த்தாலும். அவர் போட்டோக்களை நீக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும் 'உதிர்வு பலருக்குத் தானாகவும் நிற்கும்; இந்த எண்ணெய் முடி உடைவதைக் குறைக்கும்' என்று எழுதினார். நான் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததும் மோசமில்லை.

'நீங்களுமா சிஸ்டர்?'

புதிய ஜெல் வந்தபோது பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தோம். முதலில் வந்தது இது: 'நீங்களும் கெமிக்கல் போட ஆரம்பிச்சுட்டீங்களா சிஸ்டர்?' பிரிசர்வேட்டிவ் பெயரைப் பார்த்ததும் பழைய வாடிக்கையாளர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். அதே பொருளைப் பெயர் எழுதாமல் விற்பவர்களிடம் போயிருக்கவும் கூடும். நேர்மையாக எழுதுபவர் தோற்பதும் மறைப்பவர் ஜெயிப்பதும் இந்த வியாபாரத்தில் தினமும் நடக்கிறது. இதை மறைத்து 'உண்மை எப்போதும் வெல்லும்' என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் அவர் 'தண்ணீரும் ஒரு கெமிக்கல்தான்' என்று பதில் எழுத ஆரம்பித்தார். அறிவியல் படித்தவர்கள் எல்லோரும் விழும் குழி அது. கேட்டவருக்கு வேதியியல் தெரியாமல் இல்லை. 'நான் மறுபடி ஏமாறப் போகிறேனா' என்று கேட்கிறார். அதற்கு வேதியியல் பாடம் நடத்தினால் மேலும் எரிச்சல்தான் வரும். பிறகு பதிலை மாற்றினார்: 'ஆமாம், இரண்டு சேர்க்கிறேன். போன முறை சேர்க்காததால் பூஞ்சை வந்தது. பெயரும் அளவும் லேபிளில் இருக்கின்றன. வேண்டாம் என்றால் என் எண்ணெயிலும் பொடியிலும் தண்ணீர் இல்லை, அதனால் இவையும் இல்லை. அவற்றை வாங்கிக்கொள்ளலாம்.' இதற்குச் சண்டை வரவில்லை. சிலர் எண்ணெய்க்கு மாறினார்கள்.

சாம்பல் புள்ளியை முதலில் போட்டோ எடுத்தவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஜெல்லை மறுபடி வாங்கவில்லை. ஆனால் தன் பழைய பதிவின் கீழே அந்த அறிவிப்பைத் தானே எடுத்துப் போட்டிருந்தார்.

தீராமல் நிற்பது வாசனை எண்ணெய். அதற்குள் என்னென்ன அலர்ஜிப் பொருட்கள் இருக்கின்றன என்ற தாளை அவருடைய பழைய சப்ளையர் தர மறுத்துவிட்டார், வேறு இருவரிடம் கேட்டும் சரியான தாள் வரவில்லை. தாள் இல்லாமல் சேர்ப்பதில்லை என்று முடிவு. அதனால் இப்போது ஜெல் வெறும் கற்றாழை வாடையோடு போகிறது. அந்த வாடை பிடிக்கவில்லை என்று இந்த வாரமும் ஒருவர் பாட்டிலைத் திருப்பி அனுப்பினார். வந்த தேதியும் பேட்ச் எண்ணும் நோட்டில் ஏறியிருக்கின்றன.